காப்பிப் பூ மேல் போட்ட பழி

பங்குனி 18, வெள்ளிக்கிழமை. மஹய்யாவ.

இன்று அத்தையிடம் பொய் சொன்னேன்.

தைத்த சட்டையைக் கொடுக்கப் போன இடத்தில், அடியில் கொஞ்சம் செண்டு மிச்சமிருந்த குப்பியைத் துரைசாணி எனக்குத் தந்தாள். வரும் வழியிலேயே மணிக்கட்டில் ஒரு சொட்டு தடவிக்கொண்டேன். முதலில் சில்லென்றிருந்தது. பிறகு கைச்சூட்டில் மல்லிகை மாதிரி மெல்ல எழுந்தது. என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போன பிறகு மூன்று வருஷமாகப் பூ வைக்காத தலை இது. பூதான் கூடாது என்று அவருடைய அண்ணன் முதல் எல்லாரும் சொன்னார்கள், வாசம் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்று எனக்குள் வாதாடிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

சோறு போட்ட அத்தை, நிமிர்ந்து என் கொண்டையைப் பார்த்தார். மகனைப் பறிகொடுத்தவர். அந்தக் கண்ணைப் பார்த்து உண்மை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“என்னடி, பூ வாசம் அடிக்குது?”

“தோட்டத்துல காப்பி பூத்திருக்குல்ல அத்த, அந்த வாசமா இருக்கும்.”

காப்பிப் பூவும் மல்லிகை போலத்தான் மணக்கும். ஆனால் அத்தை தினமும் அந்தத் தோட்டத்தில்தான் களை பிடுங்குகிறார். அதை மறந்துவிட்டேன்.

“அது கொட்டி ஒரு வாரமாச்சு,” என்றார்.

பானையைக் கழுவிக் கவிழ்த்தார். பாயை விரித்தார். படுத்த பிறகு, சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

“ஞாயித்துக்கிழமை மூத்தவன் வருவான். அன்னிக்கு மட்டும் கழுவிட்டு நில்லு.”