மூன்றாவது மாடிக்குக் கீழே ஒரு திருப்பம்

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை வாலு எழுதுவது. போனில் சொல்லலாம்தான். ஆனால் அத்தை ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், பக்கத்தில் அப்பா இருப்பார். இது அப்பாவைப் பற்றிய சமாச்சாரம். யாரிடமும் மூச்சு விடாதே. நம் குடும்பத்தில் இப்போது மூச்சு விடுவதுதான் முழுநேர உத்தியோகம் என்றாலும்.

முதலில் நல்ல செய்தி. அப்பா மூக்கில் இப்போது ஆக்சிஜன் குழாய் இல்லை. நுரையீரல் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போய் வருகிறோம். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, சூடான டீயை ஆற்றுகிற மாதிரி மெதுவாக ஊத வேண்டும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் அங்கேயே நிற்கிற சைக்கிள். அது கிறீச்சிடுகிறது என்று பிசியோ அக்காவிடமே ஸ்பானர் கேட்டார் அப்பா. கடைசியில் ஒரு மரப்படி. ஏறு, இறங்கு, ஏறு, இறங்கு. ஊரையெல்லாம் லிஃப்டில் ஏற்றிவிட்ட மெக்கானிக்குக் கிடைத்த தண்டனையைப் பார்.

நான் ஏன் சேட்டையை நிறுத்திவிட்டேன் என்று அத்தை கேட்கிறார். அம்மா போனதிலிருந்து எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. இரண்டுக்கும் ஒரே லிஃப்ட் போலிருக்கிறது, நடுவில் நின்றுவிட்டது. தெரிந்த ஒரே மெக்கானிக்கும் லீவில் இருக்கிறார்.

இனிமேல் வீட்டுப் படியிலேயே பழகுங்கள், மூன்றாவது மாடி ஏறிவிட்டால் சொந்த வீட்டுக்கே போய்விடலாம் என்று பிசியோ அக்கா சொன்னார். அதனால் சாயங்காலம் அத்தை வீட்டிலிருந்து நம் கட்டடத்துக்கு நடக்கிறோம். அப்பா விரலில் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப். அளவைப் படிப்பது நான். தொண்ணூறுக்குக் கீழே போனால் ஏறக் கூடாது.

முதல் நாள், சிரிப்பு வருகிறதா பார்க்கலாம் என்று நான் முன்னாலேயே போய், லிஃப்டே இல்லாத நம் கட்டடத்தில், "லிஃப்ட் பழுது. சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று எழுதிப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். புதிதாகக் குடிவந்த ஒருவர் அப்பாவின் கம்பெனிச் சட்டையைப் பார்த்துவிட்டு, "எப்ப சார் சரி பண்ணுவீங்க?" என்று கேட்டார். அப்பா முகம் அசையாமல், "பார்ட்ஸ் வரணும் சார்" என்றார். பழைய அப்பா. நான் விழுந்து விழுந்து சிரித்திருக்க வேண்டும். வரவில்லை.

இரண்டாவது மாடி தாண்டி, திருப்பத்தில் அப்பா உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து நம் கதவு தெரியும். "மூச்சு வாங்குது வாலு. எவ்ளோ காட்டுது?" என்றார். தொண்ணூற்றாறு காட்டியது. அவருடைய இன்னொரு கை சட்டைப்பையில் வீட்டுச் சாவியைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் கிளிப்பைக் கழற்றிக்கொண்டு, "எண்பத்தெட்டுப்பா" என்றேன்.

"அப்ப இறங்கிடலாம்" என்று எழுந்து எனக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டார். அவருக்கு மூச்சே வாங்கவில்லை. எனக்குத்தான் வாங்கியது.

அன்றிலிருந்து அதே திருப்பம், அதே கேள்வி, அதே எண்பத்தெட்டு. ஒரு நாளாவது எண்பத்தேழு என்று மாற்றியிருக்கலாம். புளுகுவதில்கூட எனக்குச் சுறுசுறுப்பு போய்விட்டது. பிசியோ அக்கா கேட்டாலும் அதையேதான் சொல்கிறேன்.

அப்பா அம்மா இரண்டு பேரையும் ஒரே ஆம்புலன்ஸில் ஏற்றிய அன்று பூட்டிய கதவு அது. கொடியில் துணி அப்படியே இருக்கும். அம்மாவின் மூக்குக்கண்ணாடி ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும். அப்பா அந்த வீட்டிலிருந்து அம்மாவோடு கிளம்பியவர். தனியாகத் திரும்ப வேண்டும் என்றால் எந்த நுரையீரலுக்குத்தான் தெம்பு வரும்?

உடம்பு ஏறுமுகம், ஆள்தான் ஏற மாட்டேன் என்கிறார். இது தெரியாமல் அக்கா நேற்று கவலைப்பட்டார். படி ஏறும்போது ஆக்சிஜன் இப்படிக் குறைந்தால் மாதக் கடைசியில் பெரிய டாக்டர் பார்க்க வேண்டும், மருந்தைக் கூட்டுவார், ஆக்சிஜன் மெஷினும் திரும்ப வரலாம் என்றார். அப்பா உடனே, "சரிம்மா, குழாயே மாட்டிடுங்க" என்றார். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்த மாதிரிச் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

டாக்டர் பார்ப்பதற்குள் நான் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அக்காவிடம் சொல்வது சுலபம், திட்டுவார், வாங்கிக்கொள்வேன். அந்தத் திருப்பத்தில் நின்று, "தொண்ணூற்றாறுப்பா" என்று அப்பாவிடம் சொல்ல வேண்டுமே, அதுதான். அதற்கப்புறம் உட்கார எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சாக்கும் இருக்காது.

அம்மாவுக்கு நீ வர முடியாமல் போனதை யாரும் குறை சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தோன்றவும் இல்லை. இதற்கு மட்டும் வந்துவிடு. உன்னிடம் இருக்கிற சாவியால் எங்களுக்கு முன்னாலேயே போய்க் கதவைத் திற. துணியை எடுக்க வேண்டாம், கண்ணாடியைத் தொட வேண்டாம். விளக்கைப் போட்டுவிட்டு வாசலில் நின்றால் போதும். திருப்பத்திலிருந்து பார்த்தால் வீட்டில் ஆள் இருக்கிற மாதிரித் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். மூக்கால் இழுத்து, மெதுவாக ஊது.

திருப்பத்தில் உட்கார்ந்திருக்கும்
உன் வாலு