சிவப்புக் கட்டங்களை நான் படித்த விதம்

கையில் இன்னும் மீன் வாசம் போகவில்லை. சோப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பரவாயில்லை, இந்தக் கையோடே உனக்கு எழுதுகிறேன். கோபம் ஆறுவதற்குள் உன்னிடம் சண்டை போட்டாக வேண்டும்.

காலையில் காசிமேட்டில் உன் அம்மா மீன் விற்கிற இடத்துக்குப் போனேன். நீ போன பிறகு உன் அம்மா முகத்தில் விழிக்கத் தைரியம் வந்தது இன்றுதான். மீன் வாங்க வந்த ஒருத்தி கொடுவா மீனை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உன் அம்மா அதைப் பிடுங்கிச் செவுளைத் தூக்கிக் காட்டினார்.

"இன்னாத்துக்கு அமுக்கிகினு கீற? உள்ள செவப்பா கீது பாரு, அதாம்மே நல்ல மீனு. வெளுத்துப் போயிருந்தா நானே தொடமாட்டேன்."

நானும் அந்தச் செவுளைத் தொட்டுப் பார்த்தேன். நீ வரைந்த படம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

ஈயம் பட்டால் பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்றை நாம் இருவரும் செய்துகொண்டிருந்தோம். உன் அப்பா இறால் பிடிக்கிற எண்ணூர் முகத்துவாரத்துத் தண்ணீரை அவரே சோதித்துப் பார்க்க ஒரு சென்சார் வேண்டும் என்பது உன் ஆசை. முதலில் செய்தது மங்கலாகத்தான் மினுங்கியது. அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலிதானே புரதம். ஓரிடத்தில் ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் ஒளி கூடலாம், அடியோடு அணைந்தும் போகலாம். நீ ஒவ்வோர் இடமாக மாற்றி, அளந்து, எல்லாவற்றையும் ஒரே தாளில் கட்டம் கட்டமாக நிறம் போட்டாய். அடர் சிவப்பிலிருந்து வெள்ளை வரை. எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று ஓரத்தில் எழுதவேயில்லை. எழுதச் சொன்னால், "பாத்தாலே தெரியுதே, இதுக்கு இன்னா வெளக்கம்?" என்பாய்.

அப்புறம் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போனில் கடைசியாகச் சொன்னாய்: "செவப்புக் கட்டத்த மட்டும் பாத்துக்கோம்மே."

பாத்துக்கோ என்றால் கவனித்துக்கொள் என்றும் ஆகும், ஜாக்கிரதை என்றும் ஆகும். மாதவரம் லாரிகளுக்கு நடுவே வளர்ந்தவள் நான், சிவப்பைக் கண்டால் நின்றுதான் பழக்கம். ஜாக்கிரதை என்றே எடுத்துக்கொண்டேன். நீ திரும்பி வரவில்லை. அளவுகளெல்லாம் உன் லேப்டாப்பில் இருந்தன, அதன் பாஸ்வேர்டு உன்னோடு போய்விட்டது.

வெளுத்த கட்டங்களாகப் பொறுக்கிப் பொறுக்கி மாதக்கணக்கில் புரதம் செய்தேன். ஒன்றுகூட ஒளிரவில்லை. போன வார ஆய்வகக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து, "அவள் அளந்ததை நம்ப முடியாது" என்று சொல்லிவிட்டேன். நாளைய கூட்டத்தில் இந்த வேலையையே மூடிவிடப் போகிறார்கள்.

உன் அம்மாவைப் போல உனக்கும் சிவப்பென்றால் நல்லது என்றுதானே அர்த்தம் என்று உறைத்ததும், காசிமேட்டிலிருந்து நேரே ஆய்வகத்துக்கு ஓடினேன். இருப்பதிலேயே சிவந்த கட்டத்தின் புரதம், உன் கையெழுத்து ஒட்டிய குழாயில் ஃப்ரீசரிலேயே கிடந்தது. ஈயம் கலந்த தண்ணீர் ஒரு சொட்டு விட்டேன். பளிச்சென்று ஒளிர்ந்தது. சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரே ஒரு வரி எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா நீ?

சரி, நீ எழுதவில்லை. எனக்கு எங்கே போயிற்று புத்தி? திரும்பத் திரும்ப அளக்காமல் ஓர் எண்ணைக்கூட நீ குறிக்கமாட்டாய் என்பது பக்கத்து மேஜையில் இருந்த எனக்குத் தெரியாதா? நான் படித்தது தப்பாக இருக்குமோ என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. நீ அளந்தது தப்பு என்று நம்புவதுதான் சுலபமாக இருந்தது.

நாளை அதே இடத்தில் எழுந்து நின்று, தப்பு என்னுடையது என்று சொல்வேன். வேலை பிழைத்துக்கொள்ளும். அவர்களும் இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிடுவார்கள். "எம்மேல ஒனக்கு இவ்ளோதானாம்மே நம்பிக்கை?" என்று என் சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டியவள் நீ ஒருத்திதான். நீ கேட்காத அந்தக் கேள்வியை நான்தான் சுமந்துகொண்டு திரிகிறேன், என் பதிலைக் கேட்க நீ இல்லாமல்.