ஏழாவது வாரத்துக்கு வைக்காத புள்ளி

அக்கா,

வெள்ளி மைப் பேனாவின் மூடியை இப்போதுதான் திறந்தேன். அந்தக் காரமான ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாய். தோலில் குறி போடுவதற்காக ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் எல்லோர் கையிலும் இருக்கிற பேனாதான். தையல் லைனில் நீ, லைன் முடிகிற இடத்தில் செக்கர் மேசையில் நான். நீ தைத்தது எதுவும் என் கையைத் தாண்டாமல் வெளியே போனதில்லை. ஆனால் இந்தப் பேனாவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. உன் பாட நோட்டில் புள்ளி வைப்பது.

பேரணாம்பட்டிலிருந்து கிளம்பும் கம்பெனி பஸ்ஸில் நீதான் என்னிடம் முதலில் சொன்னாய். அஞ்சல் வழியில் பி.காம். படித்து எல்லாப் பேப்பரும் முடிந்து, புள்ளியியல் மட்டும் நாலு தடவை எழுதியும் தேறாமல் நின்றுவிட்டது என்று. கல்லூரி கொடுத்த கெடு அந்த வருஷத்தோடு முடிகிறது. முடிக்காவிட்டால் தேறிய பேப்பர்களும் வீண்.

"எதுக்குக்கா இந்த வயசுல இந்தப் பேஜாரு?" என்றேன்.

"பாதில நிக்குதுடி. ஒத்தக் கால் ஷூவ எவன் வாங்குவான்?" என்றாய்.

அப்புறம்தான் அந்த அதிசயத்தைச் சொன்னாய். எங்கோ வடக்கே இருக்கிற ஒரு பேராசிரியர் நடத்தும் புள்ளியியல் பாடத்தைப் போனில் பார்த்து, வாராவாரம் பத்துக் கேள்விக்கு ஏ, பீ, சீ, டீயில் ஒன்றை விடையாக அனுப்பி, கடைசியில் ஒரு பரீட்சை எழுதித் தேறினால் நாலு கிரெடிட். அதை உன் கல்லூரி அப்படியே வாங்கித் தன் புள்ளியியல் பேப்பர் இருந்த இடத்தில் வைத்துக்கொள்ளும். எனக்கு நம்பிக்கை வரவில்லை. "பஸ்ல உக்காந்து படிச்சது காலேஜ்ல செல்லுமா?" என்று கேட்டேன். நீ கல்லூரி ஆபீசில் முன்கூட்டியே கேட்டு வாங்கிய கடிதத்தைக் காட்டினாய். அந்தக் கடிதம் வருவதற்குள்ளேயே மூன்று வாரக் கேள்விகள் கைவிட்டுப் போயிருந்தன. பன்னிரண்டு வாரத்தில் நன்றாக வந்த எட்டு வாரம்தான் கணக்கு என்பதால் பரவாயில்லை என்று சிரித்தாய்.

உனக்கு வலது காது, எனக்கு இடது காது. ஒரே இயர்போனில் அந்த மனிதர் இங்கிலீஷில் பேசுவார், நீ தமிழில் எனக்குச் சொல்வாய். ஏரிக்கரை வந்தால் சிக்னல் போய் அவர் வாயைத் திறந்தபடி நின்றுவிடுவார். கம்பெனி கேட்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் கேள்விகளை நோட்டில் எழுதி வந்து, சாப்பாட்டு நேரத்தில் விடை போட்டு, என் மேசைக்குக் கொண்டுவருவாய்.

"பாத்து ஓகே சொல்லு. சாயந்திரம் பஸ்ல அனுப்பிடறேன்."

"எனக்கு இன்னாக்கா தெரியும்? நான் பன்னெண்டாவது."

"செக்கர் பாக்காம பீஸ் வெளிய போவுமா?"

பதினாறு வருஷம் லைனில் இருந்த பழக்கம் அது. உன்னால் அதை விட முடியவில்லை. நானும் எனக்குத் தெரிந்த வழியில் பார்த்தேன். "இது ஏன் பீ? ஏன் சீ இல்ல?" என்று கேட்பேன். நீ தடுமாறாமல் சொன்னால் பக்கத்தின் ஓரத்தில் வெள்ளிப் புள்ளி. தடுமாறினால் "ரீவொர்க்" என்று நோட்டைத் திருப்பித் தள்ளுவேன். நீ முனகிக்கொண்டே போய் மறுபடி போட்டு வருவாய்.

ஏழாவது வாரம் எங்கள் வீட்டில் கல்யாணம். நான் மூன்று நாள் லீவு. திரும்பி வந்தபோது விடைகளை அனுப்பும் கெடு முந்தின நாளே முடிந்திருந்தது. நோட்டில் பத்து விடையும் எழுதியபடி இருந்தது. நீ அனுப்பவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அறிவிருக்காக்கா உனக்கு? ஒரு பட்டன அமுக்கறதுக்கு இன்னா?"

"நீ பாக்கலயே" என்றாய். அவ்வளவுதான்.

ஏற்கெனவே போன மூன்றோடு இது நாலு. மீதி எட்டில் ஒன்றைக்கூட விட முடியாது. உன் பட்டப்படிப்பு முழுதும் அந்த நூலில் தொங்கியது, அந்த நூலை அறுக்கப் பார்த்தவள் நான். திட்டுவாய் என்று காத்திருந்தேன். "செக்கர் லீவு போட்டா லைன் நிக்கத்தான செய்யும், வுடு" என்று சோற்றுக் கேரியரைத் திறந்தாய். என் ஒரு புள்ளிக்கு நீ கொடுத்த மதிப்பு அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

ஒன்பதாவது வாரப் பாடம் நினைவிருக்கிறதா? பஸ்ஸில் நீ திடீரென்று பாடத்தை நிறுத்தி என் கையைப் பிடித்தாய். "ஏய், இவரு உன்னப் பத்திப் பேசறாருடி." ஆயிரம் பொருளில் சிலதை மட்டும் எடுத்துப் பார்த்து மொத்தத்தையும் பாஸ் செய்யலாமா, திருப்பலாமா என்று சொல்கிற கணக்கு. லைன் வேலையோடு நான் தினமும் பேக்கிங் கார்ட்டன்களில் இருந்தும் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஜோடி உருவிப் பார்க்கிறேனே, அது. எத்தனை ஜோடி எடுப்பது என்று சூப்பர்வைசர் கொடுத்த அட்டையைப் பார்த்து நான் கண்மூடிச் செய்துவந்த வேலைக்குப் பின்னால் இத்தனை பேருடைய மூளை இருந்திருக்கிறது! அன்று மேசையில் உட்கார்ந்தபோது என் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலூரில் பரீட்சை. வெளியே வேப்ப மரத்தடியில் நான் காத்திருந்தேன். முகமெல்லாம் வியர்வையோடு வந்தாய். "அந்த ஒம்பதாவது வாரக் கணக்கப் பல்பு பேக்டரின்னு கேட்டிருந்தான். நான் உன் மேசைய நெனச்சுப் போட்டேன்." தேறினாய். கல்லூரி மதிப்பெண் பட்டியலில் நாலு முறை ஃபெயில் என்று வந்த அந்த வரியில், பஸ்ஸில் படித்த பாடம் வந்து உட்கார்ந்திருந்தது. அந்த வரியை விரலால் தடவித் தடவிப் பார்த்தோம். ஏரிக்கரையில் அறுந்து அறுந்து வந்த குரல் எப்படி இந்தக் காகிதத்துக்குள் போய் நின்றது என்று எனக்கு இன்றும் மலைப்புத்தான்.

அடுத்த மழைக்காலத்தில் மூன்று நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். காரியம் முடிந்ததும் உன் வீட்டுக்காரர் நோட்டை என்னிடம் கொடுத்தார். "உங்களதுன்னு சொல்லிட்டு இருப்பா" என்றார்.

நானும் இப்போது பி.காம். சேர்ந்திருக்கிறேன். புள்ளியியலை அதே பாடத்தில் எடுத்திருக்கிறேன், கல்லூரியில் முதலிலேயே கேட்டுவிட்டு. இப்போது இரண்டு காதும் எனக்கே. உன் நோட்டை வாரம் ஒரு பக்கமாகத்தான் திருப்புகிறேன். இன்று ஏழாவது வாரம்.

பத்துக் கேள்வி, உன் சாய்ந்த கையெழுத்தில் பத்து விடை, ஓரத்தில் புள்ளிக்கு விட்ட இடம். ஒவ்வொன்றையும் நானே போட்டுப் பார்த்தேன். ஏன் பீ, ஏன் சீ இல்லை என்று உன்னைக் கேட்கத் தேவைப்படவில்லை.

ஆறாவது தப்பு அக்கா. பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருக்கிறாய். மற்ற ஒன்பதும் சரி. நான் நேரத்துக்கு வந்திருந்தாலும் அன்று அந்த ஆறாவதைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

புள்ளி வைத்துவிட்டேன். நீ அனுப்பலாம்.