ஆமைக் கதவு

பாப்பா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். நாலு மணிக்கு, அப்பாவோடு வேலை பார்த்த லிஃப்ட் மெக்கானிக் வருவார். அப்பாவின் கருவிப்பெட்டியைக் கொடுத்துவிடு.

“அப்பா போய் மாசம்கூட ஆகல, அவர் அடிச்ச கூத்தைச் சொல்லிச் சிரிக்கிறியா?” என்று நேற்று உன்னைத் திட்டிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

காலையில் சர்வீஸுக்கு வந்தபோது மெக்கானிக் நம் லிஃப்டின் கண்ட்ரோல் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே அப்பா கையெழுத்து: “தம்பி, கதவு வேகத்தைக் கூட்டிடாதே. எங்க வீட்டுக்காரி பையோட மூச்சு வாங்க ஓடி வருவா.”

மலைத்துப்போய் நின்றேன். “ஊர் லிஃப்டெல்லாம் சரி பண்றீங்க, நம்ம கதவு மட்டும் ஆமையா நகருதே” என்று பதினெட்டு வருஷம் திட்டினேனே. மனுஷன் விசிலடித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்.

பி.கு.: மெக்கானிக்கிடம் லிஃப்ட் கதவை அப்படியே விடச் சொல். கையில் பை இல்லாமல் மெதுவாக நடந்து பார்த்தேன். அப்போதும் எனக்காகக் காத்திருந்தது. உள்ளே போய் நானும் சிரித்துவிட்டேன். சாயங்காலம் மிச்சக் கதையையும் சொல்.