முப்பத்தெட்டு தாளிலும் ஒரே வரி

8, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மாடியில் காயப்போட்ட புடவை மேல் மறுபடியும் அனல்மின் நிலையச் சாம்பல். உதறிக் கட்டிக்கொண்டு ஓட்டம். அத்திப்பட்டில் 7.40 வண்டி. கும்மிடிப்பூண்டி வரை நின்றபடி.

இரண்டாம் ஆண்டு இயற்பியல், இன்டர்னல் தாள் திருத்தல். ஐந்து மார்க் கேள்வி: சூடு ஏற ஏற, ஒரு பொருள் மிக அதிகமாக வீசும் ஒளியின் அலைநீளம் என்ன ஆகும்? குறையும். விளக்கி நாலு வரி எழுதினால் போதும். முப்பத்தெட்டு தாளிலும் ‘கூடும்’. 38! வார்த்தைக்கு வார்த்தை ஒரே மாதிரி, கமா உட்பட. சிவப்புக்கு அலைநீளம் அதிகம், நீலத்துக்குக் குறைவு என்று பிளஸ் டூவிலேயே படித்தவர்கள். காப்பிதான், சந்தேகமே இல்லை.

கலைவாணி தாள் இன்னும் மோசம். ‘குறையும்’ என்று சரியாக எழுதியதை அடித்துவிட்டு, கீழே ‘கூடும்’. பக்கத்தில் பார்த்து மாற்றியிருக்கிறாள். நன்றாகப் படிக்கிற பெண். அதனால்தான் கோபம் இரட்டிப்பு.

எல்லோருக்கும் பூஜ்யம். எச்.ஓ.டி.யிடம் புகார் எழுதிக் கொடுத்தேன். முதல் பெயர் கலைவாணி.

9, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும். சிவப்புப் பேனா தீர்ந்தது.

எச்.ஓ.டி. முடிவு: கலைவாணி வியாழன் அன்று அப்பாவோடு வர வேண்டும். காப்பி அடித்ததாக எழுதித் தர வேண்டும். தராவிட்டால் செமஸ்டர் எழுத விடமாட்டாராம். அவள் அடித்து மாற்றியதுதான் சாட்சியாம். மற்றவர்களுக்கு மறுதேர்வு.

வராண்டாவில் வந்து நின்றாள். “மேடம், நான் யாரையும் பாத்து எழுதல.”

“அப்ப ஏன் மாத்தின?”

தரையைப் பார்த்தபடி நின்றாள். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டுமோ?

10, புதன்

லேடீஸ் பெட்டியில் இரண்டு பெண்கள், கழுத்தில் கம்பெனி கார்டு. “டிரெய்னிங்ல அவுரு இன்னா சொல்றாரோ அத்த அப்டியே எழுதிட்டு வா. சொந்தமா யோசிச்சிக்கினு இருந்தா பேஜாரு.” சிரிப்பு வந்தது. ஏனோ நாள் முழுக்க அதே காதில். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன்.

11, வியாழன்

கலைவாணியின் அப்பா வந்தார். கம்பி மில்லில் உலை வேலை. ஷிப்டை விட்டுவிட்டு வந்திருந்தார். முன்கை முழுக்கத் தீப்பொறி பட்ட தழும்பு. நாற்காலி காட்டியும் உட்காரவில்லை.

“இன்னா தப்பா எழுதிக்குது மேடம் எம் பொண்ணு?”

விடைத்தாளைக் காட்டி விளக்கினேன். அடித்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத்த நாந்தான மேடம் ஊட்ல சொன்னேன். இரும்பு செவப்பா கீறப்ப சூடு பத்தாது. மஞ்சளாயி வெள்ளயாவணும், அப்பதான் சூடு. அத்த வச்சித்தான் புரிஞ்சிக்கினு படிச்சிச்சி. தெரிஞ்சத எதுக்கு அடிச்சிட்டு மாத்திக்குது?”

கலைவாணி பையிலிருந்து நோட்டை எடுத்து விரித்து வைத்தாள். நான் சொல்லச் சொல்ல எழுதிய நோட்ஸ். ‘சூடு கூடக் கூட, அலைநீளமும் கூடும்.’ அந்தக் கமாவும் இருந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

நோட்ஸ் கொடுத்த அன்றைக்கு வண்டி லேட். ஒரே மணி நேரத்தில் ஒரு யூனிட்டை முடிக்கிற அவசரம். வாய் தவறியிருக்கிறது. மல்லாக்கப் படுத்துக்கொண்டு எச்சில் துப்பிய கதை.

“அன்னிக்கே கேட்டிருக்கலாமே?” என்றேன். அப்போதும் அவளைத்தான் குற்றம் சொன்னேன்!

“கேட்டேன் மேடம். ‘டைம் இல்ல, குடுத்தத எழுது’ன்னீங்க.”

சொன்னது நினைவே இல்லை. ஆனால் நான் அப்படித்தான் சொல்வேன்.

எச்.ஓ.டி.யிடமிருந்து புகாரை வாங்கிக் கிழித்துப் போட்டேன். “தப்பு என்னோடதுங்க. மன்னிச்சிடுங்க.” அவர், “பர்வால்ல வுடுங்க மேடம்” என்று சொல்லிவிட்டு மகளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்க்கவில்லை.

பிறகு எச்.ஓ.டி. தனியாக: “மார்க்க மட்டும் போட்டுடுங்க. கிளாஸ்ல சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. அப்புறம் ஒருத்தனும் மதிக்க மாட்டான்.”

வெட்கம்.

12, வெள்ளி

மழை. துணி காயவில்லை. குடையை ரயிலில் விட்டுவிட்டேன்.

வகுப்பில் சொல்லிவிட்டேன். “நோட்ஸ்ல தப்பாக் குடுத்தது நான்தான். நீங்க யாரும் காப்பி அடிக்கல. கலைவாணி அன்னிக்கே கேட்டா, நான் காதுல வாங்கல. அலைநீளம் கூடாது, குறையும்.” மறுதேர்வு இல்லை, எல்லோருக்கும் ஐந்து மார்க் என்றேன்.

சிரிப்பார்கள் என்று பயந்து மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. முப்பத்தெட்டு பேரும் குனிந்து ‘கூடும்’ என்பதை அடித்தார்கள். ‘குறையும்’ என்று எழுதினார்கள்.

ஏன் குறையும் என்று யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தேன். ஃபேன் சத்தம். கலைவாணியாவது கை தூக்குவாள் என்று பார்த்தேன். அவளும் குனிந்தபடியே இருந்தாள்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்:

“எழுதியாச்சு மேடம். அடுத்த வரி?”