கண்ணாடித் தகட்டில் திரிந்த துளி

இன்று காலை மகளுக்கு ரத்தம் எடுத்தார்கள். அவளுக்கு இது ஆறாம் மாதம். பஞ்சில் நனைத்த ஸ்பிரிட் வாசனை வந்ததும் உன் நினைவு வந்துவிட்டது. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் உன் விரல்களை விட்டுப் போகாத வாசனை அது. நீ போய் மூன்று வருஷமாகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. நான் பள்ளிக்கூட டீச்சர். நீ ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாய். ஒரே வயது நமக்கு. சாயங்காலம் உன் அடுக்களையில் காப்பியோடு உட்கார்ந்தால் பேச்சு ஓயாது. எனக்கு ஏழாம் மாதம் நடந்தபோது ஒருநாள் பாதிப் பேச்சில் நிறுத்தி, என் வயிற்றையே பார்த்தாய்.

“ஏட்டி, போன மாசம் பாத்த மாதிரியே இருக்கே.”

“எங்க அம்மைக்கும் சின்ன வயிறுதான்” என்று சிரித்தேன்.

நீ சிரிக்கவில்லை. மறுநாள் உன் வேலையிடத்துக்கு வரச்சொல்லி ரத்தம் எடுத்தாய். ரத்த அணுக்கள் படியும் வேகமான ஈ.எஸ்.ஆர். கூடுதலாக இருந்தது. “கர்ப்பத்துல இது கூடத்தான் செய்யும்” என்று நீயே சொன்னாய். ஆனாலும் மனசு ஆறாமல் சி.ஆர்.பி. சோதனையும் செய்தாய். ரத்தத்தின் தெளிநீரைப் பால்போன்ற மருந்தோடு கண்ணாடித் தகட்டில் கலந்து ஆட்டினாய். துளி திரிந்துபோயிற்று.

“உடம்புக்குள்ள எங்கனயோ அழற்சி இருக்கு. டாக்டரம்மாட்ட போவோம். ஸ்கேன் எடுக்கணும்.”

எனக்கு வந்த பயம் கோபமாக வெளியே வந்தது. “சும்மா பயமுறுத்தாத. நீ என்ன, பிள்ளை பெத்தவளா?”

நீ தகட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: “பெத்தேன். சேரன்மகாதேவில இருக்கும்போது. ஒண்ணேகால் கிலோ. ரெண்டு நாள் இருந்தான். வயித்துல அவன் வளரலைன்னு ஒருத்தரும் அளந்து பாக்கல.” பிறகு, “நாளைக்கு லீவு போடுதேன். ரெண்டு பேரும் பைய போயிட்டு வருவோம்” என்றாய்.

ஸ்கேனில் குழந்தை மாதத்துக்குரிய வளர்ச்சி இல்லாமல் இருந்தது. எனக்கே தெரியாமல் சிறுநீரில் கிருமித் தொற்றும் இருந்தது. “இதனாலதான் அதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நல்ல வேளை, வந்தீங்க” என்றார் டாக்டரம்மா. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். வேலை முடிந்ததும் தினமும் டவுன் பஸ்ஸில் வந்தாய். ரசஞ்சாதத்தைப் பிசைந்து கொடுத்து, “இன்னைக்கு எத்தனை தரம் அசைஞ்சுது?” என்று கேட்பாய். ஒருநாள் அசைவு குறைந்துவிட்டது என்றேன். கையைக்கூடக் கழுவாமல் நர்ஸைக் கூப்பிட ஓடினாய்.

நாள் நெருங்குமுன்பே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். என்னை வார்டுக்குக் கொண்டுவந்தபோது, “ஒண்ணே முக்கால் கிலோ, நல்லா அழுதா” என்று நர்ஸ் சொன்னதும் நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். உன் தோள் குலுங்கியது. நான் அன்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நீ திரும்பாமலே, “பேசாத, தையல் வலிக்கும்” என்றாய்.

அதன் பிறகும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பழகியும் கேட்கவில்லை. மகளுக்கு உன் கதை முழுவதும் தெரியும். பிழைத்ததே உன்னால்தான் என்று எல்லோரிடமும் சொல்வாள். அன்று பயத்தில் நான் உன்னிடம் கேட்ட அந்த ஒரு கேள்வியை மட்டும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.