பெலிம்பிங் பக்கத்துக்கு ஒரே ஒரு வாசகர்

நேற்று பிரிக்பீல்ட்ஸில் பழக்கடையைத் தாண்டும்போது, நறுக்கி வைத்த பெலிம்பிங், அதாவது நட்சத்திரப் பழத்தின் வாசனை அடித்தது. பக்கத்தில் நின்ற ஆன்டி ஒருவர் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "வேணாம் அண்ணே, வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். கிட்னி போனவங்களுக்கு இது விஷம்னு நெட்ல தமிழ்ல போட்டிருந்துச்சு. இப்ப அந்தப் பக்கம் தொறக்கவே மாட்டேங்குது லா."

அது நீ எழுதிய பக்கம்டி. அங்கேயே எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

கிள்ளானில் டயாலிசிஸ் நர்ஸ் வேலை முடித்து, சீருடையைக்கூட மாற்றாமல் சுபாங் ஜெயாவில் என் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுவாய். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று. அதை, சிறுநீரக நோயாளிகளுக்கு உதவும் நம் சங்கத்தின் இணையதளத்தில் ஏற்றுவது என் வேலை. ஆங்கிலப் பக்கங்களைப் பழைய இடத்திலேயே விட்டு, தமிழ்ப் பக்கங்களை மட்டும் கிளவுட் சர்வருக்கு மாற்றினோம். யார் யார் வந்தார்கள் என்று சர்வர் வரி வரியாக எழுதி வைக்கும் லாக்கைப் படித்து எண்ணிச் சொல்லும் கருவியையும் நான்தான் பொருத்தினேன். வருகை காலை முதல் மாலை வரை, ஆனால் வாசகர் ஒருவர் என்றது அது.

செயற்குழுக் கூட்டத்தில் தலைவர் அதைத் திரையில் போட்டார். "ஒரே ஆள்தான் படிக்கிறாங்க. அதுவும் நீங்களேதான் போல, சிஸ்டர்!" மேசையே சிரித்தது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாய். "ஒரே ஆளு காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் விடாம படிப்பானா? திரும்ப ஒரு தடவை பாருடி."

"மெஷின் பொய் சொல்லாதுடி" என்றேன். அந்த மாதமே பக்கங்களை எடுக்க வைத்தார்கள். அடுத்த தீபாவளிக்கு நீ இல்லை.

நேற்று செருப்பைக் கழற்றிய கையோடு லாக்கைத் திறந்தேன். ஐந்து நிமிட வேலை. கிளவுட்டில் வருகிறவர்கள் எல்லாரும் வாசலில் நிற்கும் ஒரு கணினி வழியாகத்தான் உள்ளே போகிறார்கள். ஒவ்வொரு வரியிலும் முதலில் இருப்பது அந்த வாசல் கணினியின் முகவரி. வந்தவரின் முகவரி வரியின் கடைசியில் கிடக்கிறது. முதலில் இருப்பதைப் படிக்கும்படி கருவியிடம் சொல்லி வைத்த மகராசி நான்தான். எத்தனை பேர் வந்தாலும் அதற்கு ஒரே ஆள். அதை மாற்றி மறுபடி ஓட்டினேன். கிள்ளான், சாலாக் செலாத்தான், சுங்கை பூலோ என்று திரை கொள்ளாமல் வரிகள் வந்துகொண்டே இருந்தன. பக்கத்தை எடுத்த பிறகும் வந்திருக்கிறார்கள். நேற்றுவரை வந்து, 'பக்கம் இல்லை' என்ற பதிலை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

தலைவருக்குப் போன் போட்டேன். "அவங்கதான் போயிட்டாங்களே, இப்ப எதுக்கு லா இதெல்லாம்?" என்றார். "நோயாளிங்க போயிடலையே!" என்று கத்திவிட்டு வைத்தேன். என்ன மனிதர்!

இன்று காலை யாரிடமும் கேட்காமல் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிவிட்டேன், பெலிம்பிங் பக்கத்தை முதலில். எடுக்கச் சொல்லி யாராவது வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

அவர்கள் மேல் உள்ள கோபம் என்றாவது ஆறிவிடும். ஆனால் அன்று மேசையே சிரித்தபோது நானும் சிரித்தேன். நீ என்னைத்தான் பார்த்தாய்.